தங்கச்சி சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

1

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எங்கள் நர்ஸுகளுக்குத் தலைவியான வார்டு சிஸ்டர் என்னை வழியில் நிறுத்தி, "தனம், ஆர் யூ எக்ஸாஸ்டட்?" என்று கேட்டாள். "நோ, நோ" என்றேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, இன்னும் இரண்டு நோயாளிகளை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தட்டைத் தரையில் போட்டு உடைத்திருப்பேன். நல்லவேளை, அது எவர்சில்வர் தட்டு.

அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. இங்கே கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள். இங்கிலாந்தின் வடக்கே இந்த நெசவாலை ஊருக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊசி போடவும் பனியில் நடக்கவும் கற்றுக்கொண்டேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் வரவில்லை.

இத்தனைக்கும் இங்கே அந்த வார்த்தை படாத பாடு படுகிறது. பஸ் டிரைவர் எக்ஸாஸ்டட். கடைவீதி போய்த் தொப்பி வாங்கி வந்தவள் எக்ஸாஸ்டட். பக்கத்து வீட்டுக்காரி தன் நாய் எக்ஸாஸ்டட் ஆகிவிட்டதென்று போன வாரம் வருத்தப்பட்டாள். டயர்ட் என்பது எல்லோருக்கும் பொது, அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எக்ஸாஸ்டட் அதற்கு ஒரு படி மேலே. இறைத்து இறைத்துக் கிணற்றின் அடிமண் தெரிகிறது, இனி இறைக்க ஒன்றுமில்லை என்று பொருள். அந்தப் பொருளில் ஒரே ஒருத்தி அதைச் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். அவள் இந்த ஊர்க்காரி இல்லை. அரியலூருக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சி ராணி. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

எனக்கு இந்த வார்த்தை நேருக்கு நேர் வந்தது லண்டன் விமான நிலையத்தில், நான் வந்திறங்கிய அன்றே. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கடைசியில் ஒரு அறையைக் காட்டினார். அங்கே நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விமானத்திலேயே சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவளை முதலில் நோயாளியாக உட்கார வைத்தார்கள்.

படம் கழுவி வரும்வரை பெஞ்சில் காத்திருந்தேன். அங்கே வேலை பார்த்த வயதான வெள்ளைக்காரம்மா என்னைப் பார்த்து, "யூ மஸ்ட் பி எக்ஸாஸ்டட், டியர்" என்றாள். திருச்சியில் நர்ஸ் படிப்பு படித்தபோது புத்தகத்தில் அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறேன். அது எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்களுக்கு உரியது. ஆமாம் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று எண்ணி, "நோ மேடம், ஐ ஆம் வெரி ஸ்ட்ராங்" என்றேன். சொன்னதோடு விடாமல், என் தகரப் பெட்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். அவள் பயந்து இரண்டடி பின்னால் போனாள்.

பாவம், ஆறுதலுக்குச் சொன்னவள். பின்னால் யோசித்துப் பார்த்தால், அவள் செய்ததுதான் நம் ஊர் வழக்கம். அந்த ஊரில் அப்படி ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

3

நம் பக்கத்து வழக்கம் இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குப் புரியாது, அதனால் எழுதிவைக்கிறேன். களைப்பை யாரும் தன் வாயால் சொல்லிக்கொள்வதில்லை. அதை அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். "வெயில்ல வந்தது அசந்து போயிருப்பீங்க, உக்காருங்க" என்பார் வீட்டுக்காரர். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் உட்கார்ந்துவிடுவார்.

கட்டிக்கொடுத்த பெண் விஷயத்தில் இது சட்டம் மாதிரி. புகுந்த வீட்டில் அவள் அசதி என்று வாய் திறந்தால், அந்த வீட்டைக் குறை சொன்னதாக ஆகிவிடும். மாமியார் சொன்னாலும் தன் வீட்டையே காட்டிக்கொடுத்த மாதிரி. அதனால் சொல்லும் உரிமை பிறந்த வீட்டுக்கு மட்டும். ஒரு நாள் அப்பாவோ அண்ணனோ பார்க்க வருவார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, பேச்சோடு பேச்சாக, "புள்ள இளைச்சுப் போச்சு, நாலு நாள் அழைச்சிட்டுப் போயி வச்சிருந்து அனுப்புறோம்" என்பார். "அதுக்கென்ன, ஒங்க வூட்டுப் பொண்ணுதானே" என்று மாமியாரும் விட்டுக்கொடுப்பார். யார் மனதும் புண்படாமல் பெண்ணுக்கு ஓய்வு கிடைத்துவிடும்.

இதில் ஒன்றே ஒன்று கூடாது. அந்தப் பெண்ணைக் கேட்கக் கூடாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். மாமியார் காதில் விழ அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் பிறந்த வீட்டாருக்கும் வாய் திறக்க வழியில்லை.

4

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், மகள் கலாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எங்களுக்கு அண்ணன் தம்பியும் கிடையாது. பாடாலூரில் பெரியப்பா வீட்டில் தங்கினோம், அவரும் படுத்த படுக்கை. ஆக, ராணிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான் மட்டும்தான். கடல் தாண்டி இருக்கிற பிறந்த வீடு.

பெரம்பலூர் போய், அங்கிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். ஜன்னல் வழியாக வந்த சுண்ணாம்புத் தூசியில் கலாவின் புருவம் நரைத்துப் போயிருந்தது. இறங்கியதும் ராணி வாசலுக்கு ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்பது தப்பு. வாசல்வரை வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது பிரசவத்துக்கு எட்டாவது மாசம். "வாக்கா" என்று மூன்று எழுத்து சொல்வதற்கு நடுவில் மூச்சு வாங்கினாள்.

நான் பார்த்த பார்வை அக்கா பார்வை இல்லை, நர்ஸ் பார்வை. உதடு வெளுத்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. கால் வீங்கி மெட்டி விரலில் புதைந்திருந்தது. மடியில் பச்சரிசி முடிந்துவைத்து, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டு மென்றாள். ரத்தம் வற்றிப் போனவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வரும். இந்த உடம்போடு வீட்டில் பிரசவம் பார்த்தால், கொஞ்சம் ரத்தப்போக்கு கண்டாலும் அவள் பிழைக்க மாட்டாள்.

அவள் மாமியார் நல்ல மனுஷி. கெட்டவள் என்று எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. எங்களுக்கென்று கோழி அடித்து, கலாவுக்குக் காரமில்லாமல் தனியாக எடுத்துவைத்து, தானே பரிமாறினார். முதல் இரண்டு பிரசவத்துக்கு அம்மா இருந்தாள், பாடாலூருக்கு அழைத்துப் போனாள். மூன்றாவதுக்குப் பிறந்த வீடு அழைத்துப்போகும் வழக்கமில்லை. ஊர் மருத்துவச்சியிடம் சொல்லிவைத்தாயிற்று என்றார் மாமியார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். சாப்பிட்டு, கை கழுவி, புள்ள இளைச்சுப் போச்சு என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, வெள்ளைக்காரர்களிடம் படித்த பாடத்தை ஒப்பித்தேன். இலையில் உட்கார்ந்தபடியே, மாமியார் குழம்புக் கரண்டியோடு நிற்கும்போதே, "ராணி, ரொம்பக் களைப்பா இருக்காடி ஒனக்கு?" என்று கேட்டேன்.

ராணி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா தனம்? இந்த வூட்டுல என் மருமவளுக்கு என்னா கொறை? அவ வாயாலயே சொல்லிட்டா பாரு" என்று என் இலையில் இன்னொரு துண்டு கோழியைப் போட்டார்.

5

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். அதை விட்டால் மறுநாள் காலையில்தான். எங்களுக்கு லண்டன் விமானம் அந்த வாரக் கடைசியில்.

கொல்லைப்புறம் ராணியை இழுத்துக்கொண்டு போனேன். "ஒன் ஒடம்புல ரத்தமே இல்லடி. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இன்னைக்கே போவணும்."

"போறேன்னு நான் எப்புடிக்கா சொல்றது?"

"ஒன் மாமியாருகிட்ட நான் பேசுறேன்."

"என்னான்னு பேசுவ? இப்பதான ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அப்ப நான் பொய் சொன்னேங்கிறியா, இல்ல அவுங்க சோறு போடலைங்கிறியா?"

"எது வேணா நெனைச்சுக்கட்டும். செத்துப் போயிடுவடி நீ!" கத்திவிட்டேன். ஆடு கட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

ராணி சத்தமில்லாமல் சொன்னாள்: "எட்டு வருசமா இந்த வூட்டுல இருக்கேன். ஒரு நாளு அலுத்துக்கிட்டதில்ல. என் பேரே அதுலதான் இருக்கு. இன்னைக்கு நீ சண்ட போட்டு என்னை அழைச்சிட்டுப் போயிடுவ. இந்த வாரமே பிளேன் ஏறிடுவ. நான் இங்கதான் திரும்பி வரணும். பொழைச்சு வந்தாலும் இவுங்க மொகத்துலதான் முழிக்கணும்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். நர்ஸ் வேலையில் எதற்கெல்லாம் மருந்து இருக்கிறதோ அதெல்லாம் எனக்குத் தெரியும். இதற்கு எந்த மருந்தும் தெரியவில்லை. அவள் புருஷனிடம் பேசலாமென்றால் அவர் கல்லு லாரியோடு சிமெண்டு ஆலைக்குப் போயிருந்தார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். மாமியார் ஏனம் விளக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு சட்டியை எடுத்துத் தேய்த்தேன். அது தேய்ந்து ஓட்டையாகியிருக்க வேண்டும்.

6

கலா இப்போது பெரிய வகுப்பில் இருக்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் பாதிக் கதவைத் திறந்து. வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால் எக்ஸாஸ்டட். கோயிலுக்குக் கூப்பிட்டால் எக்ஸாஸ்டட். "ஒங்க அப்பா எட்டு மணி நேரம் தறியில நின்னுட்டு வந்திருக்காரு, அவரு சொல்றாராடி?" என்று கத்துவேன். "ஹீ ஷுட்" என்பாள். அப்பாவும் சொல்ல வேண்டுமாம். அந்த நேரத்தில் அவளை ஓங்கி அறையலாம் போல வரும். ஆனால் கை எழாது. அன்றைக்கு ராணி வீட்டில் நடந்தது ஞாபகம் வந்துவிடும்.

அன்றும் அவள் அதைத்தான் செய்தாள். வெயிலும் பஸ்ஸும் தாங்காமல் கூடத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் விழுந்து, "ஐ'ம் எக்ஸாஸ்டட்" என்று வீடே கேட்கப் புலம்பினாள். எனக்கு மானம் போயிற்று. ராணி பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு விசிறிவிட்டாள். சமையல்கட்டில் இருந்த எனக்கும் மாமியாருக்கும் அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"என்னா கண்ணு சொன்ன? எக்சா...?"

"எக்ஸாஸ்டட், சித்தி."

"அப்புடின்னா? அசதியா?"

கலாவுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். "நோ... டயர்ட்னா தூங்கணும். தூங்கினா போயிடும். இது தூங்கினா கூடப் போகாது. உள்ள... உள்ள எல்லாம் காலி. ஒண்ணுமே மிச்சம் இல்ல."

விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. நான் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு ராணி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். சுவரைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைத்தான் பார்த்தாள். "அத்தை, எனக்கும் அதான். எக்சாஸ்டட்."

"என்னாடி அது?"

"தெரியலங்க அத்தை. கலா சொல்றது அப்புடியே எனக்கு இருக்குது. தூங்கினாலும் போவல."

மாமியார் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தனம், அது என்னா வியாதியா?"

இந்த ஒரு பதிலில்தான் என் தங்கச்சி உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. தப்பாகச் சொன்னால் அந்தக் கதவும் அடைபட்டுவிடும். வார்டில் உறவுக்காரர்களிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "ஆமாங்க அத்தை, வியாதிதான். ரத்தம் வத்திப் போற வியாதி. சோறு போட்டாலும் ஒட்டாது. மகாராணி வூட்டுலயும் வரும், யாரு வூட்டுலயும் வரும். பாத்துக்கிட்டவங்க மேல தப்பே கெடையாது. ஆனா ஆஸ்பத்திரியிலதான் சரி பண்ண முடியும்."

"வியாதின்னா முன்னமேயே சொல்றதுக்கு என்னாடி!" மாமியார் ராணியைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே அவள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துவிட்டார். "வயித்துப் புள்ளக்காரி, வியாதிய மூடி வச்சுக்கிட்டு மாவு ஆட்டிக்கிட்டு இருக்கிற!"

இவ்வளவுதான் வித்தியாசம். அசதி என்றால் அந்த வீட்டின் மேல் புகார். வியாதி என்றால் அந்த வீட்டுக்கு வந்த கஷ்டம், எல்லோரும் சேர்ந்து தூக்க வேண்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கலா மட்டும் கட்டிலில் ஒன்றும் புரியாமல் படுத்திருந்தாள்.

7

மூன்று மணி பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. மாமியார் ராணியின் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி, அரியலூர்ப் பக்கம் போகிற கல்லு லாரியை நடுரோட்டில் நின்று மறித்தார். "என் மருமவளுக்கு எக்சாஸ்டட்டு வந்துருச்சு, ஏத்துப்பா!" என்று அவர் கத்தியதற்கு டிரைவர் பயந்தே போனான். அது என்னவோ காலரா மாதிரி என்று நினைத்திருப்பான். ராணியை முன்னால் உட்கார வைத்து, நான் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வந்தேன். அது ஓடிய வேகத்தைப் பார்த்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினேன். மாமியார் கலாவோடு பின்னால் கல்லின் மேல் உட்கார்ந்து வந்தார்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ராணியின் கண்ணை விரித்துப் பார்த்ததுமே என்னை வெளியே அழைத்துப் போனார். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். என் வகையும் அவள் வகையும் ஒன்று. நான் கொடுத்தேன். லாரி போன வழியில் செய்தி கேட்டு ஓடிவந்த அவள் புருஷனும் கொடுக்கத் தயாராகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். பிரசவம் ஆகும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, அந்த வீட்டில் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாள் மாலை ராணியின் உதட்டில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, "பேரு கெடாம என்னைக் கொண்டாந்துட்டக்கா" என்றாள். "நான் எங்கடி கொண்டாந்தேன், நீதான் வந்தே" என்றேன். அவள் தூங்கிவிட்டாள். வயிற்றில் பிள்ளையின் துடிப்பு நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்து இருவரும் நன்றாக இருப்பதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. ஆனாலும் எனக்கு முதல் தடவையாக மூச்சு நேராக வந்தது.

வெளியே வராந்தாவில் மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு, யாரும் இல்லையென்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"தனம், இந்த வியாதி ஒருத்தருகிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க அத்தை. பயப்படாதீங்க."

"ஒட்டாதுன்னா எனக்கு எப்புடி வந்துச்சு?"

நான் அப்போதுதான் அவரைப் பார்த்தேன். இரண்டு நாளாகக் கூடவே இருந்தவரை அப்போதுதான் பார்த்தேன். அவருக்குப் பிறந்த வீடு என்று ஒருவரும் உயிரோடு இல்லை என்று ராணி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கையைப் பிடித்துத் தூக்கி, லேடி டாக்டர் அறைக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காராமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

மாமியார் தலையைக் குனிந்து நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்துங்க."